முப்பத்தொன்று என்று எப்படித் தெரியும்?



1950ஆம் ஆண்டு. பிபிசி நிகழ்ச்சி ஒன்றில் அதை நடத்திய லெஸ்லி மிட்செல் ஒரு சிக்கலான கணக்கைக் கொடுத்தார். எதிரில் பெங்களூரில் பிறந்த மனக்கணக்கு மேதை சகுந்தலா தேவி, வயது இருபது. அவர் சொன்ன விடையும் மிட்செல் கையிலிருந்த விடையும் ஒத்துப்போகவில்லை. சகுந்தலா அசரவில்லை. மறுபடி போட்டுப் பார்த்தார்கள். தப்பு பிபிசி பக்கம்.

இருபது வயதில் அந்த உறுதி எங்கிருந்து வந்தது? மேதைமை என்று சொல்லிவிட்டு நகர்வது சுலபம். அவர் மனத்துக்குள் நடந்ததை நாம் பார்க்க முடியாது. ஆனால் யாரும் பழகக்கூடிய சின்னக் கனமூலக் கணக்கு ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுப் பார்ப்போம். பேனா இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓர் ஈரிலக்க எண்ணின் கனம் 29,791. அந்த எண் எது? ஒன்றில் முடியும் எண்ணின் கனம்தான் ஒன்றில் முடியும். ஆகவே விடையின் கடைசி இலக்கம் 1. இப்போது கடைசி மூன்று இலக்கங்களை விரலால் மறையுங்கள், மிஞ்சுவது 29. மூன்றின் கனம் 27, நான்கின் கனம் 64. இடையில் விழுகிறது, முதல் இலக்கம் 3. விடை 31.

நடுவில் இருந்த ஏழையும் ஒன்பதையும் நாம் ஏறெடுத்தும் பார்க்கவில்லை, கவனித்தீர்களா? கொடுத்தவர் கைதவறி 29,971 என்று எழுதியிருந்தாலும் அதே வேகத்தில், அதே மிடுக்கோடு 31 என்றுதான் சொல்லியிருப்போம். கொடுத்த எண் முழுக் கனம் என்ற வாக்குறுதியை நம்பித்தான் இந்த வழியே நடக்கிறது.

சரி, இலக்கங்களைக் கூட்டிச் சோதிக்கலாமே? 29,791இன் கூட்டுத்தொகை 28. மேலும் கூட்டினால் 10, பிறகு 1. விடைப் பக்கம் 3ம் 1ம் 4. அதன் கனம் 64. கூட்டினால் 10, அங்கேயும் 1. பொருந்துகிறது. ஆனால் 29,971க்கும் இதே 1தான் வரும்! இலக்கம் இடம் மாறினால் கூட்டுத்தொகை மாறாதே. போன் நம்பர் குறிக்கும்போது நாம் அடிக்கடி செய்கிற ஒரு தப்பை இந்தச் சோதனை கண்டுகொள்வதே இல்லை.

பெருக்கினால்தான் தெரியும். 31ஐ 31ஆல் பெருக்கினால் 961. இன்னொரு 31ஆல் பெருக்கினால் 29,791. இனி யார் வந்து மறுத்தாலும் கவலையில்லை.

1977இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் 201 இலக்க எண் ஒன்றின் 23ஆம் படிமூலத்தைச் சகுந்தலா தேவி 50 விநாடியில் சொன்னார். யுனிவாக் கணினிக்கு 62 விநாடி ஆனது. வேகத்தைத்தான் எல்லோரும் பேசுகிறோம். எனக்குப் பிடித்தது வேறு: அவர் விடையைச் சரிபார்க்க அந்தக் கணினிக்கென்றே தனியாக ஒரு நிரல் எழுத வேண்டியிருந்தது.

உங்களுக்கு இரண்டு எண்கள் தருகிறேன். 1,48,877. இன்னொன்று 1,84,877. நம் குறுக்குவழியில் இரண்டுக்கும் 53 என்றே விடை வரும். கூட்டல் சோதனையிலும் இரண்டும் தேறிவிடும். ஒன்றுதான் முழுக் கனம். எது என்று பெருக்கிப் பாருங்கள்.