வண்டிப் பந்தய ஒளிபரப்பும் தமிழ் வருணனையும்



இப்பொழிவுக்கு நாம் தந்த தலைப்பைக் கண்டு அமைப்பாளர் சற்றே தயங்கினார். ஒலியனியலும் சொல்லிலக்கணமும் கற்பித்து ஓய்வுபெற்ற ஒருவருக்கு மாட்டுவண்டிப் பந்தயத்தில் என்ன வேலை என்பது அவர் ஐயம். ஐயம் நியாயமானதே. ஆயினும், ஓடும் வண்டியைத் தொலைக்காட்சியில் காட்டுவது படக்கருவியின் வேலை மட்டுமன்று. அது சொல்லின் வேலையும் ஆகும். தமிழ் ஒளிபரப்புகளில் படம் ஆண்டுதோறும் தெளிவடைகிறது, சொல்லோ ஆண்டுதோறும் மங்குகிறது என்பதே நாம் இன்று முன்வைக்கும் கருத்து.

சிறுவராயிருந்தபோது நாம் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் வாழ்ந்தோம். தாய்மாமன் ஒருவர் எப்போதாவது ஈப்போவுக்கு அழைத்துவந்து குதிரைப் பந்தயத் திடலின் வேலிக்கு வெளியே நிறுத்துவார். உள்ளே செல்லப் பணமில்லை. குதிரையும் தெரியாது, வேலிக்கு மேலே சவாரிக்காரர்களின் தொப்பிகள் ஒருகணம் மின்னி மறையும். ஆனால் ஒலிபெருக்கியில் ஆங்கில வருணனை கேட்கும். எமக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்துக்கே அந்தப் பந்தயம் முழுமையாக விளங்கியது. காரணம், வருணனையாளர் ஓர் ஒழுங்கைக் கைவிடுவதே இல்லை: முன்னால் ஓடும் குதிரையில் தொடங்கிக் கடைசிக் குதிரை வரை பெயர் சொல்வார், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் எத்தனை குதிரை நீளம் இடைவெளி என்பார், இன்னும் எவ்வளவு தொலைவு உள்ளது என்பார், மீண்டும் முன்னாலிருந்து தொடங்குவார். குரல் உயர்வது கடைசித் திருப்பத்துக்குப் பிறகுதான். பார்க்க இயலாதவர்க்கும் பந்தயத்தைத் தருவது அவ்வொழுங்கே.

இனி, குதிரையை வண்டியில் பூட்டி ஓட்டும் பந்தயத்தை நோக்குவோம். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளிலும் இது பெருவிளையாட்டு. பாரிசின் வான்சென் திடலில் 1920 முதல் நடந்துவரும் பிரி தமெரிக் பந்தயம் அதற்குப் புகழ்பெற்ற சான்று. இங்கே குதிரை பாய்ந்தோடலாகாது. நடை மாறாமல் விரைய வேண்டும். ஒருவகை நடையில் முன்னங்கால் ஒன்றும் அதற்கு மூலைவிட்டமான பின்னங்காலும் சேர்ந்தெழும். மற்றொருவகையில் ஒரே பக்கத்துக் கால்கள் இரண்டும் சேர்ந்தெழும். நடை குலைந்து பாய்ச்சலாகிவிட்டால் ஓட்டுநர் குதிரையை இழுத்துப் பிடித்தாக வேண்டும். சில பந்தயங்களில் குதிரை விலக்கவும்படும். ஆகவே அங்கே ஒளிபரப்பின் தரம் எளிய ஒரு கேள்வியால் அளக்கப்படும்: குதிரையின் கால்கள் தெரிகின்றனவா? தெரியாதபோது, நடை குலைந்ததென்று வருணனையாளர் உடனே சொல்கிறாரா? குதிரை நடையை ஐங்கதி என்று வகுத்து, மயூரகதி, வானரகதி எனப் பெயருமிட்ட மரபு நம்முடையது. ஆனால், பார்ப்பவர்க்கு நடையைப் பிரித்துச் சொல்லும் பயிற்சி இன்று நம் வருணனையாளரிடம் இல்லை.

தமிழ்நாட்டில் இதற்கு நேரான விளையாட்டு ரேக்ளா எனப்படும் வண்டிப் பந்தயம். ரகரம் மொழிமுதல் வாராது என்று மாணவர்கள் படித்திருப்பீர்கள். வந்த சொல் என்பதை அதன் முதலெழுத்தே காட்டிக்கொடுக்கிறது. அதனால் குறையொன்றுமில்லை. குறை வேறிடத்தில் உள்ளது. ஒரே பெயரால் இரண்டு விளையாட்டுகளை நம் தொலைக்காட்சி குழப்புகிறது. கொங்கு நாட்டில், பொள்ளாச்சி, உடுமலைப் பக்கங்களில், 200 மீட்டரோ 300 மீட்டரோ உள்ள நேர்ப்பாதையில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தனித்தனியே ஓடும். போட்டி கடிகாரத்தோடு, நொடியின் பின்னம் வெற்றியை முடிவுசெய்யும். சிவகங்கை, இராமநாதபுரம், தூத்துக்குடி மாவட்டங்களிலோ வண்டிகள் பல சேர்ந்து புறப்பட்டுச் சாலையில் மைல் கணக்கில் ஓடி, எல்லையில் திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே வரும். முன்னதற்கு நேரத்தைச் சொல்ல வேண்டும். பின்னதற்கு வரிசையைச் சொல்ல வேண்டும். நாம் கண்ட ஓர் ஒளிபரப்பில், தனியாக ஓடிய கொங்கு வண்டியைக் காட்டி, 'முந்துகிறது, முந்துகிறது' என்று வருணனையாளர் கூவினார். யாரை முந்திற்று என்பது அவருக்கே வெளிச்சம். நேரம் எவ்வளவு என்பது இறுதிவரை சொல்லப்படவில்லை.

தென்மாவட்டப் பந்தயங்களில் காளைகளை வகைப்படுத்தும் சொற்களைக் கவனியுங்கள். பெரிய மாடு, நடுமாடு என்பவற்றோடு கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு, தேன்சிட்டு, தட்டான்சிட்டு என்றும் பிரிவுகள் உண்டு. கரிச்சான் பிளந்த வாலுடைய கருங்குருவி. தேன்சிட்டு பூவில் தேனுண்ணும் சிறுபறவை. காளையின் அளவையும் பந்தய வகுப்பையும் உழவர் பறவைப் பெயரால் குறித்தனர். ஒரு துறைக்குரிய கலைச்சொல் எவ்வாறு பிறக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வகுப்பறையில் கிடைக்காது. ஊர் ஒலிபெருக்கியில் இச்சொற்கள் தடையின்றி ஒலிக்கின்றன. தொலைக்காட்சித் தொகுப்பில் அவை 'சின்ன மாடு' என்றோ 'ஜூனியர் பிரிவு' என்றோ ஆகிவிடுகின்றன. இதை எளிமை என்பர் சிலர். நாம் அப்படிக் கருதவில்லை.

இச்சொற்கள் பேராக்கில் வாழும் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நம் பாட்டன்மார் வாழ்ந்த தோட்டங்களில் லோரி வருமுன் பாலும் விறகும் அரிசியும் ஏற்றியவை மாட்டுவண்டிகளே. ரப்பர் அழிந்து செம்பனை வந்தது. மக்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தனர். மாட்டுக் கொட்டகைகள் மண்ணோடு மண்ணாயின. வண்டியின் உறுப்புகளை இன்று நம் மாணவர் காண்பது தொலைக்காட்சியில் மட்டுமே. காட்டுபவர் பெயர் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்?

சில ஆண்டுகளுக்கு முன் பொங்கல் மறுநாள், இளமையில் தோட்டத்தில் வண்டியோட்டிய எண்பது கடந்த பெரியவர் ஒருவர் வீட்டில் நாம் அமர்ந்திருந்தோம். துணைக்கோள் அலைவரிசையில் தென்மாவட்டப் பந்தயம் ஓடியது. வருணனையாளரோ நேயர்க்கு வாழ்த்துச் சொல்வதும் திரைப்பட வசனம் பேசுவதுமாக இருந்தார். பெரியவர் பொறுமையிழந்து, "தம்பி, இந்தச் சத்தத்தக் கொஞ்சம் அடைங்க" என்றார். அடைத்தோம். அதன்பின் அவரே பேசலானார். "நொகத்தடியப் பாருங்க, வலப்பக்கம் பின்வாங்குது. வலத்து மாடு சோந்துடுச்சி. இவன் இன்னும் சாட்டையத்தான் ஓங்குறான். கயித்தத் தளத்தணும்." அடுத்த வளைவில் அவ்வண்டி பின்தங்கியது. பேரப்பிள்ளை ஒருத்தி, இடைநிலைப்பள்ளி மாணவி, நுகத்தடி எது என்று கேட்டாள். திரையருகே சென்று விரலால் தொட்டுக் காட்டினார்: நுகத்தடி, ஏர்க்கால், பூட்டாங்கயிறு, மூக்கணாங்கயிறு, சக்கரத்தின் குடம், ஆரக்கால், வட்டை, சக்கரம் கழலாமல் காக்கும் கடையாணி. அச்சாணியை அவள் திருக்குறளில் படித்திருந்தாள். பொருளும் எழுதித் தேர்வில் மதிப்பெண்ணும் பெற்றிருந்தாள். அது வண்டியில் எங்கே இருக்கும் என்று அன்றுதான் அறிந்தாள்.

பெரியவர் சொன்னவற்றுள் சாட்டையைப் பற்றிய சொல்லே நம்மை மிகவும் உறுத்தியது. இப்பந்தயங்களின் வரலாற்றில் சாட்டை சிறு செய்தியன்று. 2014 மே 7இல் இந்திய உச்ச நீதிமன்றம் சல்லிக்கட்டையும் மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடைசெய்தபோது வாதத்தின் நடுவில் நின்றது காளைக்கு நேரும் துன்பமே. 2017 சனவரி எழுச்சிக்குப் பின் தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. 2023 மே 18இல் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்றது. விளையாட்டு மீண்டது. ஆனால் வால் முறுக்கப்படும்போதும் தார்க்குச்சி குத்தும்போதும் படக்கருவி கூட்டத்தின் பக்கம் திரும்பிக்கொள்கிறது. வருணனையாளர் குரலை உயர்த்தி அதை மூடுகிறார். மரபை விரும்புவோரே இதைச் சொல்லியாக வேண்டும். குதிரைவண்டிப் பந்தயம் நடக்கும் நாடுகள் பலவற்றில் சாட்டைக்குக் கடும் வரம்பு உண்டு. மீறிய ஓட்டுநரின் பெயர் வெளிப்படையாக அறிவிக்கப்படும். நம் வருணனையில் அப்படியொரு வாக்கியத்தை இதுவரை நாம் கேட்டதில்லை.

ஆசிரியர்கள் இதை வகுப்பில் செய்து பார்க்கலாம். ஐந்து நிமிடப் பந்தயப் பதிவொன்றை எடுத்துத் திரையை மறைத்து ஒலியை மட்டும் கேட்கச் செய்யுங்கள். எத்தனை வண்டி, எது முன்னால், எவ்வளவு தொலைவு மிச்சம் என்று மாணவர் எழுதட்டும். பிறகு ஒலியை அடைத்துப் படத்தைக் காட்டி அவர்களையே வருணிக்கச் சொல்லுங்கள். பேச்சுத்தமிழில் சொல்லட்டும், திருத்தத்துக்கு அவசரம் வேண்டா. சொல் தெரியாத இடத்தில் வாய் தானே நின்றுவிடும். நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டு வீட்டுப் பெரியவரிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

அந்தப் பெரியவரைப் பற்றி ஒன்று சொல்ல மறந்தோம். கடையாணி வரை பெயர் சொன்ன அவருக்குப் பூஞ்சிட்டு என்ற பிரிவு தெரியாது. அவர் தோட்டத்திலேயே பிறந்தவர், பாரவண்டி அறிந்தவர், பந்தய வண்டியின் சொற்கள் கப்பலேறி அவரிடம் வந்துசேரவில்லை. பேத்தி யூடியூபில் ஊர்ப்பந்தயப் பதிவொன்றைத் தேடியெடுத்தாள். அதில் ஊர் ஒலிபெருக்கிக்காரர், முதலாவது எந்த ஊர் வண்டி, இரண்டாவது எந்த ஊர் வண்டி, இடையில் எத்தனை வண்டி நீளம் என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனார்; நடுவில் 'பூஞ்சிட்டு' என்றார். பெரியவர் அந்தச் சொல்லை இரண்டுமுறை சொல்லிப் பார்த்தார். ஒலியைக் கூட்டச் சொன்னார்.