மாத்திரை அவங்களுக்கும் புரியணும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதிலிருந்து)



அறிவுசார் குறைபாடு உள்ளவர்களை வைத்துப் பராமரிக்கும் அம்மாக்கள், அக்காக்கள் நம்ம குழுக்களில் இருக்கிறார்கள். இப்படிப்பட்டவர்களில் பலருக்கு வலிப்பும் சேர்ந்தே இருக்கும். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம். ஆனால் அது எதற்கு என்று சாப்பிடுகிறவரிடம் சொல்லியிருக்கிறோமா? டாக்டர் அம்மாவிடம் பேசுவார், அம்மா வாயில் போடுவார். முப்பது வயசு ஆனாலும் நமக்கு அவர் 'பிள்ளை'தான். அம்மா ஒருநாள் ஊருக்குப் போனால் என்ன ஆகும்?

சுகாதார நிலையத்தில் கவரில் 1-0-1 என்று எழுதித் தருகிறார்கள். நமக்கே சில நேரம் குழம்புது. வீட்டில் அதைப் படமாக மாற்றலாம். காலைக்குச் சூரியன், ராத்திரிக்கு நிலா, பக்கத்தில் பெயர் தெரியும் காலி அட்டைத் துண்டு. பழைய காலண்டர் அட்டையே போதும்.

நிறத்தை மட்டும் அடையாளமாகச் சொல்லக் கூடாது. கம்பெனி மாறினால் அதே மருந்து வேறு நிறத்தில் வரும். போன மாசம் வெள்ளை, இந்த மாசம் ரோஸ் என்றால் அவர் வாயைத் திறக்க மாட்டார். நாம் அதைப் பிடிவாதம் என்கிறோம்! பெயர் ஒன்றுதானா என்று மருந்து கொடுப்பவரிடம் கேட்டுக்கொண்டு, பழசையும் புதுசையும் பக்கத்தில் வைத்து, "மருந்து அதேதான், சட்டை மாத்தியிருக்கு" என்று காட்டணும்.

மிட்டாய்னு சொல்லிக் கொடுப்பது வேண்டவே வேண்டாம். மிட்டாய் என்றால் யாருமில்லாத நேரத்தில் அள்ளித் தின்பார்கள் இல்லையா? நசுக்கிச் சோற்றில் மறைப்பதும் சரியில்லை. மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகளை நசுக்கவே கூடாது.

"புரிஞ்சுதா?" என்றால் "உம்" என்றுதான் பதில் வரும். "ராத்திரி எதைப் போடுவே, எடுத்துக் காட்டு" என்று கேளுங்கள். ஃபெனிடாயின் சாப்பிட்டால் சிலருக்கு ஈறு வீங்கும், தூக்கமும் தள்ளாட்டமும் வரலாம். வாயால் சொல்லத் தெரியாதவர் தொட்டுக் காட்ட ஒரு மனித உருவம் வரைந்து வைக்கலாம். எங்கே தொட்டார் என்பதை அடுத்த முறை டாக்டரிடம் சொல்லணும்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 'தகவல் தொடர்பு' என்பதில் எளிய மொழியையும் சேர்த்திருக்கிறது. மருத்துவமனையில் முன்னுரிமை தரவும் சொல்கிறது. அதனால் "அவருக்கே சொல்லுங்க டாக்டர், மெதுவா சொல்லுங்க" என்று கேட்கத் தயங்க வேண்டாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போகிறவர்களில் நம்ம குழுப் பெண்களும் உண்டு. அவர்கள் கையில் இந்தச் சூரியன்-நிலா அட்டை பத்து இருக்கட்டும். வரைய ஆள் வேண்டுமா? பள்ளிக்கூடம் போகும் நம்ம பிள்ளைகளே வரைந்து தருவார்கள்.