ஒப்படைப்பைத் தீர்மானிக்க வேண்டியது நீதிமன்றமே

(ஹேவ்லாக்கில் நடைபெற்ற கருத்தரங்கில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



இந்த ஹேவ்லாக் தீவின் மக்களில் பெரும்பாலோர், கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்து காடு திருத்திக் குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள். வங்கதேசத்தில் நிகழும் ஆட்சி மாற்றம் இவர்களுக்கு வெறும் வெளிநாட்டுச் செய்தி அல்ல.

2024 ஆகஸ்ட் 5 அன்று மாணவர் எழுச்சியால் ஆட்சியை இழந்த ஷேக் ஹசீனா இந்தியா வந்து சேர்ந்தார். அந்த எழுச்சியின்போது 1,400 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்கிறது ஐ.நா. மனித உரிமை அலுவலகம். 2025 நவம்பர் 17 அன்று டாக்கா தீர்ப்பாயம், அவர் இல்லாமலேயே விசாரணையை முடித்து மரண தண்டனை விதித்தது. அத்தீர்ப்பாயம் 2010இல் அவரது அரசே அமைத்தது. அவரை ஒப்படைக்கக் கோர அந்நாடு சுட்டும் 2013ஆம் ஆண்டு ஒப்பந்தமும் அவரது ஆட்சியில் கையெழுத்தானதே.

அரசியல் குற்றமெனில் ஒப்படைக்க மறுக்கலாம் என்கிறது ஒப்பந்தம். ஆனால் கொலை அரசியல் குற்றமாகாது என்கிறது. குற்றச்சாட்டு நீதியின் நலன் கருதி நல்லெண்ணத்துடன் சுமத்தப்படவில்லை எனினும் மறுக்கலாம். இவை சான்றுகளைக் கொண்டு வழக்காடித் தீர்க்க வேண்டிய கேள்விகள். 1962ஆம் ஆண்டின் ஒப்படைப்புச் சட்டம் அதற்கென மாஜிஸ்திரேட் விசாரணையை வகுத்துள்ளது. மோடி அரசோ கோரிக்கையைப் ‘பரிசீலனையில்’ வைத்திருக்கிறது.

அரசுகளுக்கிடையே நட்பு நிலவியபோது என்ன நடந்தது? 1997இல் டாக்காவில் கைதான உல்ஃபா தலைவர் அனுப் சேட்டியா, தண்டனைக் காலம் முடிந்த பின்னரும் சிறையிலேயே வைக்கப்பட்டு, 2015 நவம்பரில் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டார். நாராயண்கஞ்ச் ஏழு பேர் கொலை வழக்கில் தேடப்பட்ட நூர் உசேன் அதே வாரத்தில் வங்கதேசம் அனுப்பப்பட்டார்.

சட்டமே இல்லாத ஒத்துழைப்பு எத்தகையது என்பதை அந்தமான் அறியும். 1998 பிப்ரவரியில் வடகோடியிலுள்ள லேண்ட்ஃபால் தீவில், பர்மிய ராணுவ ஆட்சியை எதிர்த்த அரக்கானியத் தலைவர்கள் ஆறு பேர் சுட்டுக்கொல்லப்பட்டனர். இந்திய உளவு அதிகாரி ஒருவரின் அழைப்பை நம்பியே வந்தோம் என்றனர் உயிர் பிழைத்தவர்கள். ஆயுதக் கடத்தல்காரர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட அந்த அரக்கானியரும் கரேன்களுமான 34 பேர், பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறையில் வாடினர். கொலைகளுக்கு இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.

இன்றைய நிலை என்ன? முன்னாள் பிரதமரின் வழக்கு நீதிமன்றத்தின் வாசலுக்கே வரவில்லை. வங்கமொழி பேசும் ஏழைத் தொழிலாளர்களோ, நீதிமன்றத்தைக் காணாமலேயே எல்லைக்கு அப்பால் தள்ளப்படுகின்றனர். 2025இல் டெல்லியில் பிடித்துத் தள்ளப்பட்ட ஒரு கர்ப்பிணிப் பெண்ணை மீட்டுவர கல்கத்தா உயர் நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது. அகதியின் பேரப்பிள்ளைகள் வாழும் இத்தீவு அதைக் கண்டு கலங்காமல் இருக்க முடியுமா?

மரண தண்டனையை நாம் எதிர்க்கிறோம். ஹசீனாவுக்கும் அது கூடாது. அதே வேளையில், பிள்ளைகளைப் பறிகொடுத்த டாக்காவின் தாய்மார்களுக்கு விடை மறுக்கப்படவும் கூடாது. கோரிக்கையை நீதிமன்றத்தின் முன் வையுங்கள். தூக்கிலிடமாட்டோம் என்ற உறுதியைக் கேட்டுப் பெறுங்கள். விசாரணையின்றி எவரையும் எல்லை கடத்தாதீர்கள். பிரதமருக்கும் கூலித் தொழிலாளிக்கும் ஒரே சட்டம் என்பதே நமது கோரிக்கை.