எழுதியவர் பேசக் கூடாது

(நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். அடுத்த பொருள் லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் என்பதால் பதினோராவது நிமிடம் கிடைக்காது. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஆண்டு விழாவில் வருடா வருடம் நாடகம் போடுகிறோம். ஒன்று, பழைய சபா நாடகம் ஒன்றை யாராவது ஞாபகத்திலிருந்து எழுதித் தருவார். இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பில் வந்த ஜோக்குகளைக் கோத்து அரை மணி நேரம் ஓட்டிவிடுவோம். நடிப்பவர்களைக் குறை சொல்லவில்லை. டி பிளாக் சார் மேடையில் வந்து நின்றாலே சிரிப்பு வரும். ஆனால் 144 வீடுகள் இருக்கிற இடத்தில் நமக்கு நடப்பது எதுவும் அந்த மேடைக்கு வந்ததில்லை. இன்னொரு சங்கதியும் உண்டு. பிறர் எழுதிய நாடகத்தைப் போடப் பொதுவாக அனுமதி வாங்க வேண்டும். நம் நாட்டுச் சட்டப்படி எழுதியவர் காலமாகி 60 ஆண்டுகள் வரை உரிமை அவர் குடும்பத்துக்கு உண்டு. நாமே எழுதினால் அந்தக் கேள்வியே இல்லை.

சென்ற ஆறு மாதமாக நம்மில் ஒன்பது பேர், சனிக்கிழமை மாலைகளில் பக்கத்துக் காலனி ஹாலில் நடந்த நாடகம் எழுதும் வகுப்புக்குப் போய்வந்தோம். அதை அடுத்த காலாண்டிலிருந்து நம் ஹாலிலேயே நடத்த அனுமதி வேண்டும் என்பது என் முதல் கோரிக்கை. இங்கே வேலை செய்பவர்களும் அவர்கள் பிள்ளைகளும் வர அனுமதி வேண்டும் என்பது இரண்டாவது. முதலாவதற்கு யாரும் மறுப்புச் சொல்லப் போவதில்லை. இரண்டாவதற்குச் சிலர் மறுப்பு எழுதியிருக்கிறீர்கள், படித்தேன். அதற்குத்தான் இந்தப் பத்து நிமிடமும்.

நாடகம் எழுதுவது எழுத்தாளர்கள் வேலை, நமக்கெதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊர் நாடகத்தைத் தூக்கி நிறுத்தியவர்களில் பாதிப் பேர் ஆபீஸ் போனவர்கள்தான். பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது அவருக்கு வயது 18. பிற்காலத்தில் நீதிபதியாகவும் இருந்துகொண்டு தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதினார். சுஜாதா பெங்களூரில் எஞ்சினியர். அவர் நாடகங்களை மேடையேற்றிய பூர்ணம் விஸ்வநாதன் வானொலியில் செய்தி வாசித்தவர். கே. பாலசந்தர் ஏ.ஜி. ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் எழுதியவர். அவருடைய ‘எதிர்நீச்சல்’ பலருக்கு 1968-ல் வந்த சினிமாவாகத்தான் தெரியும். அதற்கு முன்பே அது மேடை நாடகம். கதை எங்கே நடக்கிறது? பல குடித்தனங்கள் இருக்கும் ஒரே வீட்டில். நாயகன் யார்? மாடிப்படிக்குக் கீழே படுத்துக்கொண்டு எல்லார் வீட்டு எடுபிடி வேலையும் செய்கிற மாது. நம் காம்பவுண்டைச் சுற்றிப் பாருங்கள், மாடிப்படி இன்னும் அங்கேதான் இருக்கிறது.

வகுப்பில் முதல் மூன்று வாரம் எழுதவே விடவில்லை. கேட்கச் சொன்னார்கள். காய்கறி வண்டி அருகே, செக்யூரிட்டி அறை வாசலில், மருந்துக் கடையில் பத்து நிமிடம் நின்று, காதில் விழுவதை அப்படியே எழுதிவர வேண்டும். அழகுபடுத்தக் கூடாது. எழுதிவந்ததை வாசித்தபோது எல்லாருக்கும் ஒரே ஆச்சரியம்: கேட்ட கேள்விக்கு யாருமே பதில் சொல்வதில்லை. “தண்ணி வந்துடுச்சா?” என்று ஒருவர் கேட்டால், “உங்க வீட்ல நேத்து ராத்திரி எல்லாம் மோட்டார் ஓடிச்சே” என்கிறார் அடுத்தவர். இது எனக்குப் பழக்கமான விஷயம்தான். வங்கியில் 34 வருஷம் கவுண்டரில் உட்கார்ந்தவன். பெரியவர் ஒருவர் “பாஸ்புக் போட்டுக் குடுப்பா” என்று வாராவாரம் வருவார். பாஸ்புக்கா அவருக்கு வேண்டும்? மகன் பணம் அனுப்பினானா என்று தெரிய வேண்டும். கேட்க முடியாது, அதனால் பாஸ்புக். நாடக வசனம் என்றால் இதுதான் என்றார் ஆசிரியர். வேண்டியதை ஒருவன் நேரடியாகக் கேட்டுவிட்டால் காட்சி முடிந்துபோகும்.

அமெரிக்காவின் ஆகஸ்ட் வில்சன் கதையையும் அவர்தான் சொன்னார். பிட்ஸ்பர்க்கில் ஏழைக் கறுப்பர்கள் வாழ்ந்த பகுதியில், டீக்கடை மாதிரியான இடங்களில் உட்கார்ந்து பெரியவர்கள் பேச்சைக் கேட்டுக் கேட்டு எழுதியவர். ஓ’நீல் நாடக மையம் என்று அங்கே ஒன்று 1964 முதல் இருக்கிறது. புது நாடகத்தைச் செட்டு, உடுப்பு எதுவும் இல்லாமல், நடிகர்கள் கையில் காகிதத்தை வைத்துக்கொண்டே நடித்துப் பார்க்கும் இடம். வில்சன் அனுப்பியவற்றை முதலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1982-ல் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். அந்த நாடகம் இரண்டே வருஷத்தில் பிராட்வேக்குப் போனது. எழுதி முடித்த நாடகத்துக்கு அங்கே அரங்கேற்றத்துக்கு முன்னால் இப்படி ஒரு கட்டம் உண்டு. நாமோ எழுதிய மறுநாளே ஒத்திகைக்குப் போய்விடுகிறோம்.

எங்கள் வகுப்பின் சாரமும் அந்தக் கட்டம்தான். நீங்கள் மூன்று பக்கம் எழுதிவருகிறீர்கள். அதை நீங்கள் வாசிக்கக் கூடாது, வேறு ஆட்கள் வாசிப்பார்கள். நீங்கள் மூலையில் உட்கார்ந்து, எங்கே தடுக்குகிறது, எங்கே ஒருவர் செல்போனை எடுக்கிறார் என்று குறித்துக்கொள்ள வேண்டும். “அது என்னன்னா...” என்று விளக்க ஆரம்பித்தால் ஆசிரியர் கையைக் காட்டிவிடுவார். மேடையில் நாடகம் நடக்கும்போது நீங்கள் ஒவ்வொரு நாற்காலியாகப் போய் விளக்கப் போகிறீர்களா?

வாசித்து முடித்த பிறகும் கேட்டவர்கள் இஷ்டத்துக்குக் கருத்துச் சொல்ல முடியாது. லிஸ் லெர்மன் என்ற அமெரிக்க நடனக் கலைஞர் வகுத்த முறையைப் பின்பற்றினோம். முதலில், மனசில் நின்றது என்ன என்று மட்டும் சொல்ல வேண்டும். அடுத்து, எழுதியவர் தன் சந்தேகங்களைக் கேட்பார். பிறகு கேட்டவர்கள் கேள்வி கேட்கலாம், ஆனால் அபிப்பிராயம் ஒளிந்திருக்கக் கூடாது. கடைசியில் எழுதியவர் சம்மதித்தால் மட்டுமே கருத்து. மூன்றாவதுதான் நம்மவர்களுக்கு மகா கஷ்டம். “மருமகளை ஏன் இவ்வளவு மோசமா காட்டிட்டீங்க?” என்பது கேள்வி மாதிரி இருக்கும், கேள்வி இல்லை. “மருமகளுக்கு அந்த வீட்டில் என்ன வேண்டும்?” என்பதுதான் கேள்வி. இந்த ஒன்றையாவது நம் பொதுக்குழுவுக்குக் கொண்டுவரலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இது என்ன செய்யும் என்பதற்கு இரண்டு நாடகங்களைச் சொல்கிறேன். எழுதியவர்கள் சம்மதத்தோடுதான்.

வகுப்பில் எழுபது தாண்டிய ஒரு மாமி. அவர் எழுதியது, ஃப்ளாட்டை விற்கச் சொல்லி வெளிநாட்டிலிருந்து போன் செய்யும் மகனைப் பற்றி. கடைசியில் அம்மா இரண்டு பக்கம் பேசி அழுவாள், வளர்த்தது, படிக்கவைத்தது எல்லாம். வாசித்தவர் நன்றாகத்தான் வாசித்தார். ஆனால் நாங்கள் எல்லாரும் தரையைப் பார்த்தோம். கேள்வி நேரத்தில் ஒரு பையன், ஐ.டி. கம்பெனியில் வேலை, கேட்டான்: “அந்த அம்மாவுக்கு வீட்டை விக்க இஷ்டமா, இல்லையா?” மாமி பதில் சொல்லவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. அதற்கடுத்த வாரம் புதுக் காட்சியோடு வந்தார். அதில் அம்மா ஏற்கெனவே புரோக்கரிடம் பேசிவிட்டாள். அவளுக்கு இந்த மாடிப்படியும் தனிமையும் போதும், முதியோர் குடியிருப்புக்குப் போக ஆசை. விற்க வேண்டாம் என்பவன் மகன்தான். வருஷத்துக்கு ஒருமுறை வந்து இறங்க அவனுக்கு அந்த வீடு வேண்டும். இரண்டு பக்கப் பேச்சு போய், “கேஸ் கனெக்‌ஷனை யார் பேருக்குடா மாத்தறது?” என்று ஒரே வரி. அதை வாசித்தபோது ஹாலில் யாரும் செல்போனை எடுக்கவில்லை. தன் மகனிடம் மாமி அதைக் காட்டுவாரா என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்கும் உரிமை எங்களுக்குக் கிடையாது.

இரண்டாவது, காணாமல்போன ஒரு ஜோடித் தோடு. வேலை செய்யும் பெண்மேல் சந்தேகம். நம் சபா நாடகங்களில் இந்தப் பாத்திரம் எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும்: முந்தானையை இழுத்துச் செருகி, மெட்ராஸ் பாஷையில் நாலு வசனம், கைதட்டல், உள்ளே போய்விடுவாள். இதிலும் அப்படித்தான் இருந்தது. அன்றைக்குப் பெண் குரல் ஒன்று குறைந்தது. அந்தக் காலனியில் பல வீடுகளில் வேலை செய்யும் ஒரு அம்மாவின் மகள், பி.காம். இரண்டாம் வருஷம், ஹால் சாவி கொடுக்க வந்தவளை உட்காரவைத்தோம். பாதி வாசித்துவிட்டு நிறுத்தினாள்.

“எங்கம்மா இப்படிப் பேச மாட்டாங்க சார்.”

“வேற எப்படிப் பேசுவாங்க?”

“பேசவே மாட்டாங்க. தேச்சுக்கிட்டு இருக்கற பாத்திரத்தைத் தேச்சு முடிச்சிட்டு, கையைத் தொடச்சிட்டு, நாளைலேருந்து வேற ஆள் பாத்துக்குங்கம்மான்னு சொல்லிட்டு வந்துடுவாங்க.”

எழுதியவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். இப்போது அந்த நாடகத்தில் அந்தப் பெண்ணுக்கு மொத்தமே மூன்று வசனம். அவள் போன பிறகு தோடு கிடைக்கிறது. அவளுக்குச் சொல்லியாக வேண்டும். பதினோரு வருஷம் வேலை செய்தவளின் முழுப் பெயர் அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. போனில் ‘வேலைக்காரம்மா புதுசு’ என்று பதிந்திருக்கிறது. சிரிப்பும் வருகிறது, ஆனால் இடம் மாறி வருகிறது. அந்தப் பெண் அன்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் நாம் பழைய நாடகத்தையே கைதட்டிப் பார்த்துக்கொண்டிருப்போம்.

ஆகவே இரண்டாவது கோரிக்கையைத் தர்ம காரியமாக நினைக்காதீர்கள். நம்மைப் பற்றி நாமே எழுதி நாமே வாசித்தால் காதுக்குச் சரியாகத்தான் கேட்கும்.

ஹால் நமது பராமரிப்புக் கட்டணத்தில் நடக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். உண்மை. அதைத் தினமும் பெருக்கித் துடைப்பது யார் என்பதும் சேர்த்து யோசிக்க வேண்டிய விஷயம். நம் வீட்டுச் சண்டை வெளியே போய்விடுமே என்று இன்னொருவர் கவலைப்பட்டிருந்தார். அது நியாயமான கவலை. அதற்கு அங்கே மூன்று கட்டுப்பாடுகள் இருந்தன, இங்கேயும் இருக்கும். பிளாக், வேலை, குடும்ப அமைப்பு எல்லாவற்றையும் மாற்றி எழுத வேண்டும். வாசித்து முடித்ததும் காகிதங்களை எழுதியவரிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஹாலில் கேட்டது எதுவும் வாட்ஸ்அப் குரூப்புக்குப் போகக் கூடாது. ஆறு மாதத்தில் ஒன்றும் கசியவில்லை. நம் குரூப்பின் சரித்திரத்தை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சாதனை என்று புரியும்.

செயற்குழு அடுத்த மாதம் முடிவு செய்யும். சம்மதம் கிடைத்தால் பொங்கல் கழிந்த முதல் சனிக்கிழமை, மாலை 4 முதல் 6 வரை. கட்டணம் இல்லை, ஜெராக்ஸ் செலவை நாங்கள் ஒன்பது பேர் பகிர்ந்துகொள்கிறோம். ஒரு நோட்டும் பேனாவும் போதும். வாசிக்கும் பிரதிகளைப் பெரிய எழுத்தில் அச்சடித்து வைக்கிறோம், கண்ணாடியை மறந்து வந்தாலும் சமாளிக்கலாம். ஹாலில் ஜன்னல் ஓரத்து ஃபேன் சத்தம் போடுகிறது. அதை மட்டும் அதற்குள் சரிசெய்து கொடுத்துவிடுங்கள், வசனம் காதில் விழ வேண்டும்.