மயிற்பொறியும் கரும்பலகைப் பறவையும்



சீவக சிந்தாமணியிலே மயிற்பொறி ஒன்று வருகிறது. அதைச் சொல்லிப் பெருமைப்படாத தமிழாசிரியர் இல்லை. நானோ, விசயை அதைச் செலுத்தப் பழகியதையே பெரிதாக எண்ணுகிறேன். வலப்பக்கம் திருகினால் எழும், இடப்பக்கம் திருகினால் இறங்கும் என்று கற்றிருந்ததனாலேயே ஆபத்து வேளையில் அவள் தப்ப முடிந்தது. ஆசை வேறு, பயிற்சி வேறு.

கனமூலைப் பிள்ளைகளுக்கு அயலிலேயே பாலாவி விமானத்தளம் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியக் கடற்படை விமானங்கள் அங்கு நின்றன. விமானத்தை யானை இழுத்துச் செல்லும் படமொன்றும் இருக்கிறது. அன்று அத்தளத்தின் பெயர் 'ராஜாலிய'. நம்முடைய இராசாளிக்கு உறவுச்சொல் என்றே எனக்குப் படுகிறது.

அதே காலத்தில், இங்கிருந்து வடக்கே கடலுக்கு அப்பால், இராமேசுவரத்தில் ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தார் அப்துல் கலாம். 1931 இல் பிறந்தவர். சிவசுப்பிரமணிய ஐயர் என்ற ஆசிரியர் கரும்பலகையில் ஒரு பறவையை வரைந்து, அது பறக்கும் விதத்தை விளக்கிவிட்டு, விளங்கியதா என்று கேட்டார். விளங்கவில்லை என்றார் கலாம்.

நேயர்களே, இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். நாங்கள் அப்படிக் கேட்டால் நாற்பது தலைகளும் ஒன்றாக ஆடும். விளங்கவில்லை என்று சொல்லும் பிள்ளையை அடக்கமில்லாதவன் என்று நினைப்பவர்களும் எங்களுக்குள்ளே இருக்கிறார்கள். ஐயர் கோபிக்கவில்லை. அன்று மாலையே வகுப்பு முழுவதையும் கடற்கரைக்கு அழைத்துச் சென்றார். பறவை சிறகடித்து எழுவதையும், வாலைத் திருப்பித் திசை மாற்றுவதையும் பிள்ளைகள் கண்ணாலே கண்டார்கள். விமானக் கனவு அங்கேதான் முளைத்தது என்று கலாம் பல மேடைகளிற் சொல்லியிருக்கிறார்.

திருச்சியிலே பௌதிகம் படித்தார். பிறகு குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் வானூர்திப் பொறியியல். அங்கே காட்சிக்கு நிறுத்தியிருந்த இரண்டு பழைய விமானங்கள் அவரை விடாமல் இழுத்தன. ஆனால் விமானப்படைத் தேர்வுக்கு டேராடூன் போனபோது, வேண்டியவர்கள் எட்டுப்பேர். இவருக்குக் கிடைத்ததோ ஒன்பதாம் இடம். மனமுடைந்து ரிஷிகேசம் போய்ச் சுவாமி சிவானந்தரைக் கண்டதாக 'அக்கினிச் சிறகுகள்' நூலில் எழுதியிருக்கிறார். அதன்பின் ஏவுகலமும் ஏவுகணையும் செய்த கதை உங்களுக்குத் தெரிந்ததே.

2006 ஜூன் 8 ஆம் திகதி, புனே விமானத்தளம். இந்தியக் குடியரசுத் தலைவராக இருந்த கலாம், எழுபத்து நான்கு வயதில், சுகோய் போர் விமானத்தின் துணை விமானி இருக்கையில் ஏறி அமர்ந்தார். ஏறத்தாழ அரைமணி நேரம் வானில் இருந்தார்.