லகானா, ஆட்சியா?
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்து, ரெயில்வேக் கணக்கேடுகளோடு வாழும் நாம் இன்று ஓர் ஆங்கிலத் தொடரைப் பற்றிப் பேசத் துணிந்தோம். நாம் செய்த பிழையொன்றே அதற்குக் காரணம்.

மூன்றாண்டுகளுக்கு முன் நம் சங்கக் காரியதரிசி மாற்றலாகிச் சென்றார். எவரும் முன்வராமையால் நாமே அப்பொறுப்பை ஏற்று, 'டேக் தி ரெயின்ஸ்' என்று பெருமிதத்துடன் ஆங்கிலச் சுற்றறிக்கை எழுதினோம். அதைப் படித்த காலனிச் சிறுமி ஒருத்தி, "மாமா, நடுவில் ஒரு 'ஜி' அதிகமாக இருக்கிறதே!" என்றாள்.

அந்த ஓரெழுத்தில்தான் எல்லாம் இருக்கிறது. 'ஜி' இல்லாத 'ரெயின்' குதிரையின் லகான் வார். இழுத்து நிறுத்துதல் என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. 'ஜி' உள்ளது அரசாட்சி. அரசைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழி வந்தது. ஒலி ஒன்றே, குலம் வேறு. பிறர் நடத்திய காரியத்தை ஒருவர் ஏற்று நடத்தும்போது எழுத வேண்டியது லகானையே. ஒருவரை அவர் விருப்பப்படி செயற்பட விடுவதை 'ஃப்ரீ ரெயின்' என்பதும், வாரைத் தளர்த்திவிடும் வழக்கத்தால் வந்ததே.

குதிரை வண்டியை நினைத்துப் பாருங்கள். இழுப்பது குதிரை, வண்டிக்காரர் வழி காட்டுகிறார். வாரை ஓயாமல் இழுத்தால் வண்டி நகராது. கைவிட்டால் பள்ளத்தில் இறங்கும்.

குல்ஜாரிலால் நந்தா அவர்கள் இதற்குச் சான்று. 1964 மே 27ல் நேரு மறைந்ததும் இடைக்காலப் பிரதமரானார். ஜூன் 9ல் சாஸ்திரியிடம் பொறுப்பை ஒப்புவித்தார். 1966 ஜனவரி 11ல் சாஸ்திரி தாஷ்கண்டில் மறைந்தார். நந்தா மீண்டும் ஏற்று, 24ல் இந்திரா காந்தியிடம் ஒப்புவித்தார். இருமுறையும் உள்துறை அமைச்சராகவே பணியைத் தொடர்ந்தார். அவர் பிடித்தது லகான்.

நாம் பிடித்தது எது? வாசகசாலைச் சாவியை மூன்றாண்டுகள் எவரிடமும் கொடுத்தோமில்லை. இளைஞர்கள் நாடகம் போட விரும்பியபோது, "அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்று இருமுறை தட்டிக் கழித்தோம். இன்று "இளைஞர்கள் சங்கத்துக்கு வருவதில்லை" என்று குறை கூறுகிறோம். அன்று பிழைத்தது பேனா மட்டுமன்று, மனமுந்தான்.

சாவியும் கணக்கேடும் இதோ மேஜைமேல் இருக்கின்றன. இளைஞர் ஒருவர் எழுந்து வந்து எடுத்துக்கொள்ளும்படி வேண்டுகிறோம். நாம் வண்டியை விட்டு ஓடமாட்டோம். பின்னால் அமர்ந்து வருவோம்.