வாக்குக்கு விலை பேசும் அந்நியக் கரம்



படைகொண்டு நாட்டைப் பிடிப்பது பழைய முறை. பணங்கொண்டு புள்ளடியைப் பிடிப்பது புதிய முறை. இதற்கு மொல்டோவா நாடே சான்று.

ருமேனியாவுக்கும் உக்ரேனுக்கும் இடையே உள்ள அச்சிறு நாட்டின் செல்வம் திராட்சையும் பழமரங்களுமே. அது ஐரோப்பாவின் பக்கம் திரும்பியபோது, தரக்குறைவு முதலிய காரணங்களைக் கூறி, 2013இல் அதன் திராட்சை மதுவுக்கும் 2014இல் அதன் பழங்களுக்கும் ருஷ்யா தன் சந்தையை அடைத்தது. விளைந்த பொருள் விலைபோகாவிடின் ஒரு குடும்பம் படும் பாட்டைக் கமக்காரராகிய உங்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

அச்சுறுத்தலுக்குப் பின் ஆசைகாட்டல் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்திற் சேரும் இலட்சியத்தை அரசியலமைப்பில் எழுதுவதா என்று 2024 ஒக்டோபர் 20ஆம் நாள் மக்கள் தீர்ப்புக் கேட்கப்பட்டது. அதற்கு முந்திய மாதத்தில் மட்டும் ருஷ்யாவிலிருந்து 1.5 கோடி டொலர், 130,000க்கு மேற்பட்டோருக்கு அனுப்பப்பட்டதென அந்நாட்டுப் பொலிசார் கூறினர். மொஸ்கோ மறுத்தது. 'ஆம்' என்போர் வென்றனர். வித்தியாசமோ ஏறக்குறைய 10,500 வாக்குகளே!

இப்பண வலையை நடத்தியவரென்று குற்றஞ்சாட்டப்பட்ட இலான் ஷோரின் கட்சியை 2023ஆம் ஆண்டிலேயே அரசியலமைப்பு நீதிமன்றம் தடைசெய்திருந்தது. கட்சி மறைந்தது, பணம் வரும் வழி மறையவில்லை. ஆகவே, தடையொன்றே காப்பாகிவிடாது.

மறுபுறத்தையும் பாருங்கள். ஜோர்ஜியாவில் 2024 மே மாதத்தில் 'அந்நியச் செல்வாக்கு'ச் சட்டம் நிறைவேறியது. வருமானத்தில் 20 வீதத்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்து பெறும் சங்கங்களும் பத்திரிகைகளும் அந்நிய சக்தியின் நலன் நாடுவோரெனத் தம்மைப் பதியவேண்டுமாம்! அரசைக் கேள்வி கேட்போரை அந்நியரின் ஆட்களாகக் காட்டும் சட்டம் வேறென்ன? வேலியே பயிரை மேயும் கதைதான்.

ஒரு நியாயவாதி என்ற முறையில் நான் வைக்கும் அளவுகோல் இது: சட்டம் மறைவாக வரும் பணத்தைப் பிடிக்கட்டும், வெளிப்படையாகப் பேசும் வாயைப் பொத்தவேண்டாம். கொடுத்தவர் யார், எவ்வளவு, எதற்காக என்ற கேள்விகள் ஆளுங்கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். தீர்ப்பு மந்திரியின் கையில் அல்ல, சுதந்திரமான நீதிமன்றத்தில் இருக்கட்டும்.

எஞ்சிய காவல் மக்களுடையது. விதைநெல்லை விற்று ஒருநாள் உண்டவனுக்கு மறுபோகம் இல்லை. குடியாட்சியின் விதைநெல் வாக்கு!